யோசிக்கப் பயந்த காலம்

படுவான்கரைக்குப் போகும் நாட்களில் எங்கள் தண்ணீர்த் திட்டக் கந்தோரில் யாருக்கும் காலைச் சாப்பாடு இறங்காது. தேநீரை மட்டும் குடித்துவிட்டு, பிக்கப் வாகனத்தில் சாமான்களை ஏற்றுவார்கள். அந்த நேரத்தில் யாரும் யாருடனும் அதிகம் பேசமாட்டார்கள்.

கிராமங்களில் கைப்பம்பி பூட்டிய குழாய்க் கிணறுகளை அமைப்பதும், பழுதானால் திருத்துவதும் எங்கள் வேலை. நான் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்ட பெண். கல்லடியிலிருந்து சைக்கிளில் பாலத்தைக் கடந்து பட்டினத்துக்கு வருவேன். வாவிக்கு இந்தப் பக்கம், எழுவான்கரையில், ஆமி இருந்தது. அந்தப் பக்கம், படுவான்கரையில், ஆமியோடு போரிட்ட இயக்கம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர். மண்முனைத் துறையில் ‘பாதை’ என்று சொல்லும் தட்டையான மிதவை ஆட்களையும் வாகனங்களையும் அக்கரைக்குக் கொண்டுபோகும். அதில் ஏறுவதற்கு முன் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும்.

எல்லாப் பயமும் அந்தச் சாவடியில்தான் குவிந்திருந்தது. கிணற்றுக்குள் இறங்கியிருக்கும் நீண்ட குழாயையும் கம்பியையும் மேலே தூக்கினால்தான் உள்ளே தேய்ந்துபோன வாசர் வளையத்தை மாற்றலாம். தூக்குவதற்கு ஒரு இரும்பு முக்காலி வேண்டும். ஆளைவிட உயரமான மூன்று குழாய்கள், ஒரு சங்கிலி, ஒரு கப்பி. அந்த மூன்று குழாய்களையும் வாகனத்திலிருந்து இறக்கி நிலத்தில் வைத்து, ஒவ்வொன்றாகத் தூக்கி, உள்ளே வெளிச்சம் தெரிகிறதா என்று சிப்பாய்களுக்குக் காட்ட வேண்டும். காட்டுகிறவரின் கை நடுங்கினால் அவர்களுக்குச் சந்தேகம் வரும். சந்தேகம் வரும் என்று நினைத்தாலே கை நடுங்கும்.

எங்கள் மூத்த மெக்கானிக் சித்தாண்டியைச் சேர்ந்தவர். நாற்பது வயதைத் தாண்டிய, அகன்ற தோள்களுள்ள மனிதர். வாகனத்தில் ஏறும்போது பகிடி விடுவார். துறை நெருங்கியதும் வாய் மூடிவிடும். ஒரு நாள் மதிய வெய்யிலில் அந்தக் குழாய்களில் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு, மேலிடத்திலிருந்து யாரோ வந்து பார்க்கும்வரை அவர் அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது தோளில் இரும்பு சுட்ட அடையாளம் இருந்தது. எண்ணெய் தடவச் சொன்னேன். தடவவில்லை. நேரே கந்தோரை நடத்தும் முகாமையாளரின் அறைக்குப் போனார்.

கதவு திறந்திருந்ததால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. முக்காலியை ஒவ்வொரு முறையும் கொண்டுபோய்க் கொண்டுவராமல், அக்கரையில் ஒரு கோயிலிலோ பள்ளிக்கூடத்திலோ வைத்துவிடலாம் என்று மெக்கானிக் சொன்னார். இல்லையென்றால் அங்கேயே கம்பு வெட்டிக் கட்டிக்கொள்ளலாம் என்றார். முகாமையாளர் தலையை நிமிர்த்தவில்லை.

“உங்கட வேலை கழட்டிப் பூட்டுறது,” என்றார். “யோசிக்கிறதுக்குத்தான் என்னை இங்க போட்டிருக்கு.”

மெக்கானிக் வெளியே வந்து தண்ணீர் குடித்தார். அதற்குப் பிறகு அவர் அந்த அறைக்கு எதையும் சொல்லப் போகவில்லை. மற்றவர்களும் போகவில்லை.

அந்த முகாமையாளரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது. சட்டை மடிப்புக் கலையாமல் வருவார். வாசலில் வாகனம் நிற்கும் சத்தம் கேட்டால் எழுந்து யன்னலுக்குப் போவார். எந்தக் காகிதத்தையும் இரண்டு தரம் வாசிக்காமல் ஒப்பம் வைக்கமாட்டார். அவருடைய தம்பியை ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவே இல்லை என்று பிற்பாடுதான் அறிந்தேன். விதியில் இல்லாத ஒன்றைச் செய்து, அது பிழைத்து, யாராவது வந்து கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதுதான் அவருடைய ஒரே யோசனை. அந்தப் பயத்தை அவர் வெளியே சொன்னதில்லை. அது அதட்டலாகத்தான் எங்களிடம் வந்து சேர்ந்தது.

அதன் பிறகு கந்தோரில் எல்லாமே சரியாக நடப்பதுபோல் இருந்தது. கொழும்பிலிருந்து வாசர் வருவது குறைந்துவிட்டது. இருந்தவற்றில் பாதி உக்கிப் போயிருந்தது. ஆனாலும் படுவான்கரை போய் வந்த ஒவ்வொருவரும் திருத்தியாயிற்று என்றுதான் சொன்னார்கள். பழைய வாசரைத் திருப்பிப் போட்டுவிட்டு வருவார்கள். சில நாள் தண்ணீர் வரும், பிறகு நின்றுவிடும். உண்மையைச் சொன்னால், ஏன் முடியவில்லை என்று கேள்வி வரும். வேறு வழி இருக்கிறது என்று சொன்னால், உன்னிடம் யார் கேட்டது என்று கேள்வி வரும். இரண்டுக்கும் நடுவில் “சரி” என்ற ஒரு சொல்தான் ஆபத்தில்லாமல் இருந்தது. களஞ்சியத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் அந்தச் “சரி”யைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் வாவிக்கு அப்பால் வயல் நடுவே இருக்கும் ஒரு ஊரிலிருந்து பெண்கள் கூட்டமாக வந்தார்கள். பாதையேறி, சாவடியில் சோதனைக்கு நின்று, வெய்யிலில் நடந்து வந்திருந்தார்கள். அவர்களுடைய பம்பியை நாங்கள் திருத்தியதாக எங்களிடம் பதிவு இருந்தது. ஆனால் அதில் தண்ணீர் வரவில்லை. ஆற்று மணலில் குழி தோண்டி அள்ளிக் குடித்திருக்கிறார்கள். வயிற்றோட்டம் வந்து ஒரு பிள்ளை இறந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் தாயும் வந்திருந்தாள். அவள் அழவில்லை. சுவரோரமாக நின்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

முகாமையாளர் யார் அந்தக் கிணற்றுக்குப் போனது என்று கேட்டார். மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். முகாமையாளரின் முகத்தில் வியர்வை வடிந்ததை அன்றுதான் முதல்முறை கண்டேன். பெண்களுக்குத் தேநீர் கொடுக்கச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். அந்த மாதம் முடிவதற்குள் குடும்பத்துடன் கொழும்புக்குப் போய்விட்டார்.

புதிதாக வந்த முகாமையாளர் களுவாஞ்சிக்குடிப் பக்கத்தவர். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். வந்த முதல் கிழமை முழுவதும் அவர் தன் அறையில் இருந்ததே குறைவு. களஞ்சியத்தில் சிமெந்துப் பைகளின் மேல் உட்கார்ந்து நாங்கள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது. யாருடைய காது யாருக்காகக் கேட்கிறது என்று தெரியாத காலம். உளவு பார்க்க வந்தவர் என்றுகூட ஒருவர் என் காதுக்குள் சொன்னார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். வேலையை எப்படி நன்றாகச் செய்யலாம் என்று கேட்பார் என நினைத்தோம். அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். எல்லாம் சரி சேர், நாங்கள் முயற்சி செய்கிறோம் சேர் என்று சொல்லலாம். அவர் வேறு ஒன்றைக் கேட்டார்.

“இந்த வேலையில உங்களுக்கு எது பயம்? அத மட்டும் சொல்லுங்க.”

பயம் என்று சொன்னாலே யாருக்குப் பயப்படுகிறாய் என்ற அடுத்த கேள்வி வரும். ஆமிக்கு என்று சொல்வதா, இயக்கத்துக்கு என்று சொல்வதா? அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தனக்கு நீந்தத் தெரியாது என்றும், பாதையில் ஏறினால் கரை வரும்வரை கண்ணை மூடிக்கொள்வதாகவும் சொன்னார். யாரோ சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மெக்கானிக் தொண்டையைச் செருமினார்.

“குழாயத் தோள்ல வெச்சுக்கொண்டு சென்றிச் சாவடிக்குக் கிட்டப் போறதுதான் சேர். தூரத்தில இரிந்து பாக்கிறவனுக்கு அது தண்ணிக் குழாய் இல்ல.”

அதன் பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். எங்கள் வெல்டர் காத்தான்குடியைச் சேர்ந்த முஸ்லிம். அவர்கள் அண்ணனை அழைப்பதுபோல நாங்களும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். இயக்கத்துக்கும் முஸ்லிம்களுக்கும் பகை மூண்டிருந்த அந்த ஆண்டுகளில் அவர் படுவான்கரைக்குப் போக முடியாது. பட்டறையிலேயே இருந்து சாமான் செய்து கொடுப்பார். “எனக்குப் பயத்தவிட கவலதான் சேர்,” என்றார் அவர். “நான் செய்யிற சாமான் அங்க புடிக்கிதா, வழுகுதா எண்டு நான் ஒருநாளும் காணுறல்ல. போனவங்க வந்து நல்லம் எண்டுதான் சொல்றாங்க.” என் முறை வந்தபோது, பெண்களைச் சாவடியில் அதிகம் நிறுத்துவதில்லை, நானும் கூடப் போனால் சாமான்களை நான் காட்டலாம் என்று சொன்னேன். சொல்லிவிட்டு, ஏன் சொன்னேன் என்று அன்று வீடு போகும்வரை பயந்துகொண்டே போனேன். அம்மா கேள்விப்பட்டபோது என்னுடன் இரண்டு நாள் பேசவில்லை.

முகாமையாளர் எங்கள் பயங்களை வைத்தே வேலையை மாற்றினார். முக்காலியைக் கொண்டுபோகப் பயமென்றால் முக்காலி இல்லாமல் தூக்க என்ன வழி என்று கேட்டார். அங்கேயே கம்பு வெட்டிக் கட்டலாம், ஆனால் தூக்கிய குழாய் திரும்ப வழுக்கிக் கீழே போகாமல் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும் என்றார் மெக்கானிக். கயிற்றை முறுக்கிப் போடலாம் என்பது முகாமையாளரின் யோசனை. பட்டறை முற்றத்தில் செய்து பார்த்தபோது கயிறு நழுவியது. “சரி, என்ர யோசனை போச்சு,” என்று சொல்லிவிட்டு கயிற்றைச் சுருட்டி வைத்தார். முகாமையாளர் ஒருவர் எங்கள் முன்னால் தோற்பதை நாங்கள் அதற்கு முன் கண்டதில்லை. அதன் பிறகுதான் ஆளுக்கொன்று சொல்லத் துணிந்தார்கள். சைக்கிள் சங்கிலி என்று ஒருவர் சொன்னார். லொறியின் பாரம் தாங்கும் வில்லுத் தகட்டில் பல் வெட்டிக் கொடுக்கலாம் என்றார் காக்கா. கடைசியில் ஒரு கவ்வி உருவானது. சங்கிலி குழாயைச் சுற்றிக்கொள்ளும், பாரம் கூடக் கூடத் தகடு இறுகும். ஒரு கைப்பைக்குள் அடங்கிவிடும்.

அதை முதன்முதலில் எடுத்துக்கொண்டு போன நாளில் நானும் போனேன். தண்ணீர் கேட்டு வந்த அந்தப் பெண்களின் ஊருக்குத்தான் போனோம். ஊரே கூடி நின்றது. கம்பு கட்டித் தூக்கத் தொடங்கினார்கள். பாதிக்கு மேல் வந்த நேரம் சங்கிலி வழுக்கியது. குழாய் முழுவதும் கிணற்றுக்குள் போய்விட்டது. அந்தச் சத்தம் இப்போதும் எனக்குக் கேட்கும். இனி அந்தக் கிணறு உதவாது. பிள்ளையை இழந்த அந்தத் தாய் அங்கே நின்றாள். யாரும் எங்களை ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

திரும்பும் வழியில் மெக்கானிக் தன் வேலை போய்விடும் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். முகாமையாளர் நாங்கள் சொன்னதை முழுவதும் கேட்டார். எந்த இடத்தில் வழுக்கியது என்று மட்டும் கேட்டார். மறுநாள் தானே பாதையேறி அந்த ஊருக்குப் போய், தன் சம்மதத்தோடுதான் அந்தக் கவ்வியைக் கொண்டுவந்தார்கள், பிழை தன்னுடையது என்று சொல்லி, அருகிலேயே புதுக் கிணறு போட இடம் பார்த்துவிட்டு வந்தார். கண்ணை மூடிக்கொண்டுதான் போனாராம்.

காக்கா சங்கிலியை இரட்டையாக்கினார். மெக்கானிக் தகட்டின் பல்லை அரத்தால் சாய்வாக ராவினார். பட்டறையில் ஒரு குழாயில் மாட்டி, நாங்கள் எல்லோரும் அதில் தொங்கிப் பார்த்தோம். பிடித்தது. அடுத்து வந்த கிழமைகளில் ஊர் ஊராகப் பம்பிகள் தண்ணீர் தந்தன. திருத்த முடியாததைத் திருத்த முடியவில்லை என்றே வந்து சொன்னார்கள். காலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களைக்கூடக் கண்டேன்.

ஆனால் அந்தக் கவ்வியை முதன்முதலாகப் பார்க்கிறவருக்கு அது என்னவாகத் தெரியும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

துறையில் ஆட்கள் மாறியிருந்தார்கள். எங்களைத் தெரிந்த சிப்பாய்கள் போய்ப் புதியவர்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் சின்னப் பையன்கள். அவர்களுக்கும் பயம். பையைத் திறந்த சிப்பாய் கவ்வியைக் கண்டதும் பின்னால் குதித்தான். சங்கிலி, வில்லு, பல்லு வைத்த இரும்பு. தோளில் கிடந்த துவக்குகள் எங்கள் பக்கம் திரும்பின. நான் என்னுடைய பை என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் தண்ணீர், பம்பி என்ற இரண்டு சொற்களையும் திரும்பத் திரும்பச் சொன்னேன். யார் இதைச் செய்தது என்பது மட்டும்தான் அவர்களுடைய கேள்வி.

மெக்கானிக் என்னைப் பார்த்தார். அடுத்ததாகக் காக்காவின் பெயரைச் சொல்ல வேண்டி வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“நான்தான் செஞ்ச,” என்றார்.

கையைப் பின்னால் வைக்கச் சொன்னார்கள். என்னைப் போகச் சொன்னார்கள். நான் அசையவில்லை. அவர் திரும்பாமலே, “தங்கச்சி, போங்க. போய் நம்மட சேரிட்டச் சொல்லுங்க,” என்றார்.

எப்படிக் கந்தோருக்கு வந்தேன் என்று எனக்கு நினைவில்லை. பிடித்துக்கொண்டு போனவர்களில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் சொல்லமாட்டார்கள். காக்கா பட்டறை வாசலில் நின்றார். நான் சொல்லி முடித்ததும் நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். தன் பட்டறையில் அதே போல இன்னொன்று கிடக்கிறது, அதை ஒளிப்பதா உடைப்பதா என்று கேட்டார். முகாமையாளர் அதை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

“ஒளிச்சா அது குற்றச் சாமானாப் போயிரும்,” என்றார். அவருடைய உதடு வெளிறியிருந்தது.

மெக்கானிக்கின் மனைவி சித்தாண்டியிலிருந்து வந்து சேர்ந்தாள். ஆமி முகாம் வாசலில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். முகாமையாளர் பையுடன் உள்ளே போனார். முள்ளுக் கம்பிக்கு உள்ளே ஒரு மேசையில் அதிகாரி ஒருவர் இருப்பதும், முகாமையாளர் நின்றபடி கையை ஆட்டிப் பேசுவதும் தெரிந்தது. பேச்சுக் கேட்கவில்லை. எங்கள் முகாமையாளருக்கு மனைவியும் கைப்பிள்ளையும் இருப்பது எனக்கு நினைவு வந்தது. தான் சொல்லித்தான் இதைச் செய்தார்கள், கேட்பதானால் தன்னைக் கேளுங்கள் என்று அவர் சொன்னதாகப் பிறகு அறிந்தோம். அப்படியானால் செய்து காட்டு என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். முகாமுக்குள் பழுதான குழாய்க் கிணறு ஒன்று இருந்தது.

மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்கள். நடை சரியில்லை. மனைவி என் தோளை இறுக்கிப் பிடித்தாள். முகாமையாளர் சட்டையைக் கழற்றிவிட்டுத் தானும் கூடச் சேர்ந்து குழாயைத் தூக்கினார். சுற்றிலும் துவக்குடன் ஆட்கள். முதல் ஊரில் வழுக்கிய அந்தச் சத்தத்தை எதிர்பார்த்து நான் காதைப் பொத்திக்கொண்டேன். கவ்வி பிடித்தது. கொஞ்ச நேரத்தில் பம்பியில் தண்ணீர் வந்தது. ஒரு சிப்பாய் முகம் கழுவினான். ஆனாலும் அன்று மெக்கானிக்கை விடவில்லை. மறுநாள் மாலைதான் விட்டார்கள். கவ்விகள் இரண்டையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

அத்துடன் முடியவில்லை. ஆமியின் கிணற்றை நாங்கள் திருத்திய கதை எங்களுக்கு முன்பே வாவியைக் கடந்துவிட்டது. முகாமையாளரும் மெக்கானிக்கும் வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று அக்கரையிலிருந்து இயக்கத்தின் ஆள் வந்தது. மெக்கானிக் வீட்டில் காய்ச்சலில் படுத்திருந்தார். முகாமையாளர் அவரிடம் எதையும் சொல்லக் கூடாது என்று எங்களிடம் சொல்லிவிட்டுத் தனியாகப் போனார். நான் துறையில் நின்று பாதை திரும்பும் ஒவ்வொரு முறையும் பார்த்தேன். பொழுது சாயும் நேரத்தில் வந்தார். அடித்தார்களா என்று கேட்கப் பயமாக இருந்தது. வண்டியில் ஏறிய பிறகு அவரே சொன்னார்.

“அங்கயும் அதையேதான் சொன்னன். எல்லாம் நான் சொல்லித்தான் நடந்தது எண்டு.”

மெக்கானிக் வேலைக்குத் திரும்பிய பிறகு நடந்த முதல் கூட்டத்தில் முகாமையாளர் மெக்கானிக்கைப் பார்த்தார். “இனி என்னட்ட யோசனை கேக்காதீங்க சேர்,” என்றார் அவர். “சொன்ன வேலையச் செய்யிறன்.” முகாமையாளர் சரி என்றார். வற்புறுத்தவில்லை. துறைக்கு அனுப்பாமல் பட்டறையிலேயே அவருக்கு வேலை கொடுத்தார். ஒரு முகாமையாளர் தன் ஆட்களுக்குத் துணிவைக் கொடுக்கலாம். அந்தத் துணிவுக்குக் கந்தோருக்கு வெளியே என்ன காத்திருக்கிறது என்பது அவர் கையில் இல்லை. அதை நான் அன்று விளங்கிக்கொண்டேன். அவரும் விளங்கிக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன். அதன் பிறகு எதையும் கேட்பதற்கு முன் தயங்கினார்.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. சொல்லப் பல நாள் பிடித்தது. கவ்வி வாவியைக் கடக்கத் தேவையில்லை. படுவான்கரையிலும் கொல்லர்கள் இருக்கிறார்கள், பழைய சைக்கிள்கள் இருக்கின்றன. அங்கேயே செய்து, அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே திருத்தப் பழக்கிவிட்டால் எங்கள் ஆட்கள் இரும்பைத் தூக்கிக்கொண்டு சாவடியில் நிற்க வேண்டாம். முகாமையாளர் கேட்டுவிட்டு, “நீங்களே நடத்துறீங்களா?” என்றார். ஓம் என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. ஓம் என்றேன்.

வயல் நடுவே இருந்த அந்த ஊரில்தான் தொடங்கினேன். புதுக் கிணற்றடியில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்தார்கள். தூரத்தில் ஷெல் விழும் சத்தம் அவ்வப்போது கேட்கும். எல்லோரும் ஒருமுறை அந்தப் பக்கம் பார்ப்போம், பிறகு பேச்சைத் தொடர்வோம். பிள்ளையை இழந்த தாயும் வந்திருந்தாள். கவ்வியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவில் டயர்த் துண்டு ஒன்றை வைத்தால் இன்னும் இறுகும் என்றாள்.

எனக்கு உடனே கோபம் வந்தது. நான் சொன்னபடி செய்தால் போதும் என்று வாய்வரை வந்துவிட்டது. டயர் நழுவிக் குழாய் மறுபடியும் கிணற்றுக்குள் போனால் இந்த ஊருக்கு நான் என்ன சொல்வது? கந்தோருக்கு, துறையில் கேட்பவனுக்கு, இங்கே கேட்பவர்களுக்கு என்ன சொல்வது? சாத்திய கதவுக்குப் பின்னால் வியர்வையுடன் இருந்த பழைய முகாமையாளரை எனக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. ஒரு ஆளை யோசிக்க விடுவது என்றால் அந்த ஆளின் பிழையையும் சேர்த்துச் சுமக்க ஒப்புக்கொள்வது. அது லேசான காரியமில்லை.

“வெச்சுப் பாருங்க, அக்கா,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னேன்.

டயர்த் துண்டு முதல் முறை கிழிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஆனால் சங்கிலி பிடித்தது, குழாய் போகவில்லை. அவள் இன்னும் தடித்த துண்டாகப் பார்த்து வெட்டினாள். அது நன்றாக இருந்தது. மற்ற ஊர்களுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தேன்.

அந்த வருடக் கடைசியில் தலைமைக் கந்தோர் முகாமையாளரைத் திருப்பி அழைத்தது. அனுமதியில்லாத கருவியைப் பாவிக்க விட்டு ஊழியர்களின் உயிரை ஆபத்துக்குள்ளாக்கினார் என்று காரணம் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. மெக்கானிக் பட்ட பாட்டை நான் கண்ணால் கண்டவள். ஆனால் பழைய முறையிலும் ஒரு உயிர் போனது, அதற்கு யாரும் யாரையும் திருப்பி அழைக்கவில்லை என்பதையும் நான் அறிவேன். அவர் எங்களுக்குக் கைகொடுத்துவிட்டுப் போனார். சில வருடங்களில் குடும்பத்துடன் வெளிநாடு போய்விட்டதாகக் கேள்வி. அடுத்து வந்தவர் நல்லவரும் இல்லை, கெட்டவரும் இல்லை. படுவான்கரைப் பெண்களின் வேலையை அவர் தடுக்கவில்லை. அதுவே எங்களுக்குப் பெரிய விசயமாக இருந்தது.

மெக்கானிக் நீண்ட காலம் சொன்ன வேலையை மட்டும் செய்தார். ஏதாவது கேட்டால், உங்களுக்கு எப்படி வேணுமோ அப்படி என்பார். மாரி காலத்தில் ஒரு நாள் பட்டறையின் பெரிய கதவு ஈரத்தில் ஊதி நின்று பூட்ட முடியாமல் போனது. தச்சனைக் கூப்பிட ஆள் அனுப்பினோம். வெள்ளத்தால் அவர் வரவில்லை. மெக்கானிக் கதவையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு எழுந்து, மூலையில் கிடந்த உடைந்த பம்பியின் கைப்பிடியை எடுத்து, வளைத்து, கதவு நிலையில் தாழ்ப்பாளாக வைத்துப் பார்த்தார். மறுபடியும் கொண்டுபோய் ராவினார். காக்கா வெல்டிங் நெருப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினார். நான் களஞ்சிய வாசலில் நின்றேன். யாரும் கேட்காமல் அவர் ஒன்றை யோசித்துச் செய்வதை நீண்ட காலத்துக்குப் பிறகு அன்றுதான் கண்டோம். நல்லது என்று ஒரு வார்த்தை சொன்னால்கூட அதைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது. வெளியே மழை அடித்துப் பெய்தது. அவர் ராவிக்கொண்டே இருந்தார்.